இரவல் சைக்கிளும் இலவச சைக்கிளும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் போகிறவர் ஒரே சாலையில் திரும்பத் திரும்ப மாநிலம் மாறுவார். வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு. அடுத்து அரியூர், மறுபடி புதுச்சேரி. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி முடிந்து சுங்கச் சாவடிகளும் போயின. ஆனால் எல்லை மட்டும் துண்டு துண்டாக அப்படியே தங்கிவிட்டது. கண்டமங்கலத்துக்காரர்களான எங்களுக்கு அந்த எல்லை ஒருநாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை. திருபுவனை கூட்டுறவு நூற்பாலைக்கும், அரியூர் சர்க்கரை ஆலைக்கும், சிலர் புதுச்சேரி முதலியார்பேட்டை மில் வரைக்கும்கூட, கேரியரில் சோற்றுத் தூக்கைக் கட்டிக்கொண்டு சைக்கிளிலேயே போய்வந்தார்கள். ஷிப்டு விடும் நேரத்தில் சாலையில் டைனமோ விளக்குகள் வரிசையாக வரும். எண்பதுகளில் நான் பார்த்த கண்டமங்கலம் அது.

சைக்கிள் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை, எல்லோரிடமும் இருந்தது. தெருவில் நாலு வீட்டில் சைக்கிள் இருந்தால் தெருவுக்கே சைக்கிள் இருந்ததாகத்தான் கணக்கு. "நைனா, ஒரு எட்டு வில்லியனூர் போய்ட்டு வந்துடறேன்" என்று சாவியைக் கேட்டால், கொடுக்க மனமில்லாதவர்கூட, "பிரேக்கு சரியா புடிக்காது, பார்த்துப் போ" என்று சொல்லித்தான் கொடுப்பார். பிரசவ வலி எடுத்தவளுக்கு மருத்துவச்சியை அழைத்துவர, செத்த வீட்டிலிருந்து உறவுக்குச் சேதி சொல்ல, பரீட்சைக்குப் போகிற பையன் விழுப்புரம் ரயிலைப் பிடிக்கச் சின்னபாபுசமுத்திரம் நிலையத்துக்கு ஓட, எல்லாவற்றுக்கும் இரவல் சைக்கிள்தான். அதைத் தருமம் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. பேட்ஜ் குத்திக்கொள்ளவோ பேனர் கட்டவோ யாருக்கும் தோன்றவும் இல்லை.

இரவல் கிடைக்காதவர்களுக்கு வாடகைக் கடை. மணிக்கு ஐம்பது காசு. மட்கார்டில் கடை எண்ணும் பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். முகம் தெரியாதவர்களுக்குச் சைக்கிள் கிடையாது, "இவன் இன்னார் மகன்" என்று யாராவது சொல்ல வேண்டும். கடைக்காரர் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார், கடிகாரத்தைப் பார்க்காமலே. சின்ன சைக்கிள் ஒன்றே ஒன்று. அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் காத்திருக்கும் பையன்கள் எத்தனையோ. காத்திருக்க முடியாதவர்கள் பெரிய சைக்கிளை எடுத்து, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் அடிப்பார்கள். முழங்காலில் தோல் போகாமல் அந்த வித்தை யாருக்கும் வந்ததில்லை. 2024-ல் 'குரங்கு பெடல்' என்றே ஒரு படம் வந்தபோது, எங்கள் வயதுக்காரர்கள் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தக் கடைக்காரர் கோட்டம் எடுப்பதைப் பார்க்க நான் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிச் சுற்றவிடுவார். கையில் சுண்ணாம்புக் கட்டி. அதை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடிப்பார். வளைந்த இடம் மட்டும் வந்து உரசிக் கோடு வாங்கிக்கொண்டு போகும். கோடு விழுந்த இடத்துப் போக்ஸ் கம்பிகளை ஒரு பக்கம் இறுக்கி, எதிர்ப்பக்கம் தளர்த்துவார். மறுபடி சுற்றுவார். கோடு குட்டையாகிக்கொண்டே வரும். கடைசியில் சுண்ணாம்பு எங்கும் படாமல் சக்கரம் சுற்றும்போது அவர் எதுவும் சொல்ல மாட்டார், பீடியை எடுத்துப் பற்றவைப்பார். படிக்கிற பிள்ளைகளிடம் பஞ்சர் ஒட்டக் காசு வாங்கமாட்டார். "சொல்யூஷனுக்கு ரெண்டு காசு செலவு. போடா தம்பி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்பார். எங்கள் ஊர்ச் சைக்கிள் தருமத்தில் பாதி அவருடைய கடை வாசலில்தான் நடந்தது.

ஊர்த் திருவிழா மாதிரி வந்தது இராப்பகல் சைக்கிள் ஓட்டம். இப்போதைய பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது. எங்கிருந்தோ ஒரு ஆள் வருவார், கூடவே இரண்டு மூன்று பேர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் திடலில் சவுக்குக் கம்பங்கள் நட்டு, ட்யூப் லைட் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, அந்த ஆள் சைக்கிளில் ஏறிவிடுவார். ஐந்து நாளோ ஏழு நாளோ காலைத் தரையில் வைக்காமல் வட்டமடிப்பார் என்பது பந்தயம். ஓட்டிக்கொண்டே சாப்பிடுவார், ஓட்டிக்கொண்டே முகம் மழிப்பார், குடத்துத் தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றிக் குளிப்பார். தரையில் கிடக்கும் நாணயத்தைச் சாய்ந்து பல்லால் எடுப்பார். இரவு ஜனம் கலைந்த பிறகு போய்ப் பார்த்தால்தான் தெரியும் அவர் படும் பாடு. ஒரு கை ஹேண்டில்பாரில், தலை மார்பில் விழும், திடுக்கென்று நிமிரும், சக்கரம் மட்டும் வட்டத்தை விடாது. எங்கள் தெருப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அவருக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினார்கள். கடைசி நாள் அவர் சட்டை முழுக்க ஊக்கு குத்தி ரூபாய் நோட்டுகள் தொங்கின. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்தான். ஊர் முழுக்கக் கூடி ஒரு ஏழைக் கலைஞனின் குடும்பத்துக்குச் சோறு போட்ட நிகழ்ச்சி அது. மக்கள் கூடும் சைக்கிள் விழாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அந்தக் காலத்தை முழுதாகக் கொண்டாட முடியாது. இத்தனை சைக்கிளிலும் பெண்கள் பின் கேரியரில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற என் வயதுப் பெண்களை எண்ணிப் பார்த்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. உயர்நிலைப் பள்ளி நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அவ்வளவுதான் காரணம். சைக்கிள் இருந்த வீட்டிலும் அது தம்பிக்குத்தான்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் வேலையாகவே ஆக்கினார். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு நகருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை, ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதிய பிறகுதான் நாட்டின் மற்ற பகுதிகளுக்கு இது தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாக அவர் குறிக்கிறார். எங்கள் ஊரில் அப்படி ஒரு பேரணி நடந்து நான் பார்த்ததில்லை. நடந்திருந்தால் கேரியரில் உட்கார்ந்திருந்த சில பேருடைய வாழ்க்கையே வேறு திசையில் போயிருக்கும்.

எங்கள் பெண்களுக்குச் சைக்கிள் அரசாங்கத்திடமிருந்துதான் வந்தது. 2001-02-ல் தமிழ்நாட்டு அரசு, பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மற்ற மாணவிகளுக்கும், பையன்களுக்கும் விரிந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் சைக்கிள். பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். அதைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் அளவு 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் புள்ளிவிவரம் தெரியவில்லை. நாலு கிலோமீட்டர் தூரத்துக்காக நின்றுபோன எங்கள் தெருப் பெண்களின் முகங்கள்தான் தெரிந்தன. முதல் வருஷம் கண்டமங்கலம் சாலையில் பாவாடை தாவணியோடு பெண்கள் சைக்கிளில் கூட்டமாகப் போனதை நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தச் சாலைக்கு அதைவிட அழகான காட்சி வாய்த்ததில்லை.

இந்தப் பக்கம் இப்போது கல்லூரிப் பட்டணம். அது புதுசும் இல்லை. திருபுவனையில் 1048-ஆம் ஆண்டிலேயே 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்விச்சாலையை ராஜாதிராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. 1999-ல் மதகடிப்பட்டில் ஸ்ரீ மணக்குள விநாயகர் பொறியியல் கல்லூரி வந்தது. பின்னால் மருத்துவக் கல்லூரிகளும் வந்தன. பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள், மிச்சப் பேர் பைக்கில். பழைய 45ஏ சாலை இன்று 332-ஆம் எண் நான்குவழிச் சாலை. அன்றைக்கு ரயில்வே கேட்டு போட்டால், சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவோம். இன்றைக்குச் சாலையைக் குறுக்கே கடப்பதற்கே பதினொன்றாம் வகுப்புப் பெண் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு, இடது வலது பார்த்துத் தவித்து நிற்கிறாள். லாரி தூக்கியடிக்கும் காற்றில் அவளுடைய ஹேண்டில்பார் ஆடுகிறது. இத்தனை அகலமான சாலையில் அவளுக்கென்று ஒரு முழம் இடம் ஒதுக்கப்படவில்லை. இதைப் பார்த்துப் பல அப்பாக்கள் பெண்ணைச் சைக்கிளில் விடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சைக்கிள் பேரணிகளுக்குக் குறைவில்லை. ஜூன் 3-ஐ உலக சைக்கிள் தினமாக ஐ.நா. 2018-ல் அறிவித்தது. 2024 டிசம்பரிலிருந்து மத்திய அரசின் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் இயக்கமும் நடக்கிறது. மாணவர்கள் ஒரே நிற டீ-சர்ட்டில் வருகிறார்கள், கொடி அசைக்கிறார்கள், நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். அவர்கள் உற்சாகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் போலீஸ்காரர் லாரிகளை நிறுத்திவைக்கிறார். அந்தப் பாதுகாப்பு தினமும் காலை எட்டரைக்கு அந்தப் பெண்ணுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஏக்கம். 2020-ல், அதே ஜூன் 3 அன்று, அட்லஸ் நிறுவனம் சாஹிபாபாதில் இருந்த தன் கடைசித் தொழிற்சாலையை நிறுத்தியது. எங்கள் வாடகைக் கடைச் சைக்கிள்களில் பாதி அட்லஸ்தான். அந்தச் செய்தி வந்த நாளில் பழைய கடை இருந்த இடத்தை நினைத்துக்கொண்டேன். இப்போது அங்கே செல்போன் ரீசார்ஜ் கடை.

கடை போனதுதான் பெரிய இழப்பு. இலவச சைக்கிள் பள்ளிக்குப் பாகம் பாகமாக வந்து, மைதானத்தில் அவசரமாகப் பூட்டப்படுகிறது. சில வண்டிகளில் நட்டு முழுக்க இறுகியிருக்காது, பிரேக் கட்டை ரிம்மில் சரியாக உட்காராது. ஊரில் நல்ல மெக்கானிக் இருந்தால் அரை மணி வேலை. இல்லாததால், மூன்றாம் மாதம் பின்சக்கரம் ஆட்டம் காண்கிறது, ஆறாம் மாதம் செயின் தொங்குகிறது, வருஷம் திரும்புவதற்குள் வண்டி மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்துவிடுகிறது. சாலையோரம் பஞ்சர் கடை உண்டு, அங்கே லாரிக்கும் பைக்குக்கும்தான் வேலை. "சைக்கிளா? அதுக்கு சாமான் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணை நானே பார்த்தேன். இலவசம் என்பதால் பிள்ளைகள் மதிப்பதில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது அநியாயமான பேச்சு. முன்கூடையில் பிளாஸ்டிக் பூ கட்டி, சீட்டுக்குத் துணி தைத்துப் போட்டு அந்தப் பெண்கள் வைத்திருப்பதைப் பார்க்காதவர்கள் பேசுகிற பேச்சு. ஓட்டத் தெரியும், வைத்துக்கொள்ளவும் ஆசை உண்டு. கோட்டம் எடுக்க ஆளில்லை.

போன வருஷம் ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். சைக்கிள் பேரணி நடத்தி, திரட்டும் நிதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் புதுச் சைக்கிள் வாங்கித் தருவதாகத் திட்டம். நல்ல மனசு. புதுச் சைக்கிள் அரசாங்கம் கொடுத்துவிடுகிறது தம்பிகளா, கொட்டகையில் சாய்ந்திருப்பதை எழுப்புங்கள் என்று சொன்னேன். அவர்களில் பாதிப் பேர் மெக்கானிக்கல் படிக்கிறவர்கள். பிரேக் கட்டை, டியூப், ஒட்டுக்குச் சொல்யூஷன், பால்ரஸ் குண்டு, கிரீஸ், ஸ்பேனர் செட், இரண்டு காற்றடிக்கும் பம்பு. ஒரு பேரணியின் டீ-சர்ட் செலவில் இத்தனையும் அடங்கும். புதுச்சேரியில் இன்னும் கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துவந்து, ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டால் போதும். ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டான்: "ஐயா, ஜூன் 3-ந்தேதி வெச்சுக்கலாமா?"

ஜூன் வேண்டாம், பள்ளி அப்போதுதான் திறந்திருக்கும் என்றேன். சைக்கிள் கைக்கு வந்து ஆறு மாதமாவது ஓடியிருக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வர முடியாத வண்டிகளுக்கு ஒரு டாடா ஏஸ் பேசிவிடுங்கள், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களையும் ஸ்பேனர் பிடிக்கச் சொல்லுங்கள். ஊர் ஊராக எந்தெந்த வீட்டில் வண்டி நிற்கிறது என்று கேட்டு எழுதித் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். சின்னபாபுசமுத்திரம் பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன்.