நகர்வதை நகர்த்துதல்: சிற்றெஞ்சின் கேரியர் குறித்து ஓர் ஆராய்ச்சி

இடனறிதல் அதிகாரத்தில் தேருக்குத் தரை, நாவாய்க்குக் கடல் என்று பாகம் பிரித்துக் கொடுத்த வள்ளுவர், ரயில் எஞ்சினை அம்போ என்று விட்டுவிட்டார். அவர் காலத்தில் ரயிலே இல்லையே என்பது சமாதானம் ஆகாது, உரைகாரர்களாவது சேர்த்திருக்கலாம். தண்டவாளத்தின்மேல் பத்துப் பேரை இழுத்துக்கொண்டு ஓடும் மாதிரி எஞ்சின், அதைவிட்டு ஓரடி தள்ளி வைத்தால் அம்மிக்கல். அந்த அம்மிக்கல்லை வீட்டிலிருந்து தண்டவாளம்வரை கொண்டுசேர்க்கும் கேரியரைக் கட்டுவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. நூற்பயன் அறமும் அன்று, பொருளும் அன்று, முதுகுவலி நீங்குதல்.

ஆய்வுக்களம் பிரிட்டன். 1898இல் பெர்சிவல் மார்ஷல் ‘மாடல் எஞ்சினியர்’ பத்திரிகையைத் தொடங்கியதிலிருந்து, கார் நிற்க வேண்டிய கொட்டகைகளில் லேத் நிற்கும் நாடு அது. அங்கே உருவாகும் எஞ்சின்கள் கண்ணாடிப் பெட்டிப் பொம்மைகள் அல்ல. நிஜக் கரி தின்று, நிஜ நீராவி விட்டு, செய்தவரையே பின்னால் உட்காரவைத்து இழுப்பவை. தண்டவாள இடைவெளி மூன்றரை, ஐந்து, ஏழேகால் அங்குலம் எனப் பல சாதி. வால்வு கியர் பற்றி அங்கே எழுதிக் குவித்திருக்கிறார்கள். கேரியரோ, எஞ்சின் முடிந்து, பெயின்ட் காய்ந்து, கிளப் தண்டவாளம் ஊருக்கு வெளியே இருப்பது உறைத்த பிறகே நினைவுக்கு வரும்.

இத்துறைக்கு வரலாறு இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1829இல் ரெயின்ஹில் எஞ்சின் போட்டிக்குப் புறப்பட்ட ஸ்டீபன்சன்களின் ‘ராக்கெட்’ எஞ்சின், நியூகாசிலிலிருந்து தன் காலில் போகவில்லை. பிரித்துக் கட்டி, குதிரை வண்டியில் கார்லைல் போய், பிறகு நீர்வழியாக லிவர்பூல் சேர்ந்தது. குதிரையின் பிழைப்பைக் கெடுக்கப்போகும் எஞ்சினைக் குதிரையே இழுத்துப்போய் விட்டிருக்கிறது. அதற்காக, ராக்கெட் வென்ற 500 பவுண்ட் பரிசில் குதிரைக்கும் பங்கு கொடுத்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி எடை. ஐந்து அங்குல சாதியில் அளவு நிஜ எஞ்சினில் ஏறத்தாழ 11.3இல் ஒரு பங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை சுமார் 1,440இல் ஒரு பங்காகும். ராக்கெட் மூன்று கிலோ தேறும், கூடையில் எடுத்துப்போகலாம். 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை படைத்த ‘மல்லார்ட்’ எஞ்சின், டெண்டர் (கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டி) நீங்கலாகவே 103 டன்; சுருக்கினால் எழுபது கிலோவுக்கு மேல். இதுவும் காகிதக் கணக்கே. தகட்டையும் அதே விகிதத்தில் மெலிதாக்கினால் பாய்லர் தாங்காது என்பதால் தடிமன் கூடும், எடையும் கூடும்.

தூக்குவோர் கணக்கு இதைவிட ருசியானது. ஓர் ஆண் இடுப்பளவில், உடலை ஒட்டித் தூக்க 25 கிலோ என்கிறது பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு வழிகாட்டி. இருவர் சேர்ந்தால் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, மூவர் சேர்ந்தால் பாதி என்பதும் அதன் வாக்கே. ஆக இருவருக்கு 33 கிலோ, மூவருக்கு முப்பத்தேழரை. மூன்றாமவரால் கூடுவது நாலு கிலோ சொச்சம். மற்ற நேரமெல்லாம் யோசனை சொல்வார். கிளப் மைதானங்களில் கண்டறியப்பட்ட உண்மையோடு இது அப்படியே பொருந்துகிறது.

எனவே சித்தாந்தம்: எஞ்சினைத் தூக்கலாகாது. அது நிற்கும் தண்டவாளத்துண்டையே பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். கேரியர் என்பது பெட்டி அன்று. கைப்பிடி வைத்த ரயில்பாதை. இது பிடிபட்டால் மற்றவை தாமாக வரும். ஆங்கிள் இரும்பிலோ கனத்த பிளைவுட்டிலோ ஒரு சட்டம். அதன்மேல், ஐந்து அங்குல சாதிக்கு, 127 மில்லிமீட்டர் இடைவெளியில் பட்டை இரும்பு இரண்டு. இரு முனையிலும் கழற்றி மாட்டும் தடுப்பு. கிளப்பின் தூக்குமேசையோடு முனைக்கு முனை சேர்த்து வைத்தால் எஞ்சின் தானாக உருண்டு ஏறும். மட்டம் கொஞ்சம் பிசகினாலும் முன்சக்கரம் இறங்கிக்கொள்ளும். பிறகு மூன்றாமவருக்கு நிறைய வேலை.

ஏற்றியபின் எடையை எதன்மேல் நிறுத்துவது என்பதில் பட்டறைப் புலவரிடையே பெரும்பூசல். ஸ்பிரிங் இருப்பது எதற்கு, சக்கரத்தின்மேலேயே நிற்கட்டும் என்பார் ஒரு சாரார். தண்டவாளக் குலுக்கல் வேறு, கார் டிக்கியின் குலுக்கல் வேறு. ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் குதித்தால் ஆக்சில் பாக்ஸ் தேயும், ஆகவே ஃபிரேமுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துப் பளுவை அதற்கு மாற்றுக என்பார் மற்றொரு சாரார். எம் தீர்ப்பு பின்னவர் பக்கம், ஒரு நிபந்தனையோடு. கட்டையைச் செருகுமுன் குனிந்து பார்க்க வேண்டும். சிலிண்டருக்கு அடியில் விரல் தடிமன்கூட இல்லாத டிரெயின் காக்குகள் (தண்ணீர் வடிக்கும் சிறு குழாய்கள்) தொங்கும். மாதக்கணக்கில் அரம் போட்டுச் செய்த பித்தளைச் சாமான் ஒரு துண்டுக் கட்டையில் மளுக்கென்று போய்விடும்.

பெல்ட் கட்டும் முறைக்கு அதிக வாதம் வேண்டியதில்லை. புகைபோக்கி, கைப்பிடிக் கம்பி, கேப் கூரை ஆகியவை கட்டுவதற்குத் தோதாகத் தோன்றும், கட்டினால் வளையும். பஃபர் பீமிலோ ஃபிரேமிலோ கட்டி நாலு மூலைக்கும் இழுக்க வேண்டும். திடீர் பிரேக்கில் எஞ்சின் ஓட்டுநரை நோக்கித்தான் வரும். பாய்லர் தண்ணீரை வடித்துவிடுக. லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் அதையும் சுமப்பானேன்?

சட்டத்தின் நீளத்தை பஃபருக்கு பஃபர் அளந்து குறிக்கவும். கார் டிக்கியையும் கொட்டகைக் கதவையும் அதே நாளில், அதே டேப்பால் அளக்கவும். டெண்டருக்குத் தனிக் கேரியர் வேண்டும். அதற்கும் சேர்த்தே இரும்பு வாங்குக.