சிக்னலில் தூங்கும் ஆர்எக்ஸ் 100

கேள்வி: என்னுடையது 1992 மாடல் ஆர்எக்ஸ் 100. ரோட்டில் சீறுகிறது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. ஐட்லிங் ஸ்குரூவை எவ்வளவு திருகியும் பயனில்லையே?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஸ்குரூ பாவம், விட்டுவிடுங்கள். த்ராட்டில் ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஐட்லிங்கில் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக. அதன் துளை ஊசிமுனை அளவுதான். நெடுநாள் நின்ற வண்டியில் பெட்ரோல் பிசினாகி அதை அடைத்துவிடும். ஒரு சோதனை: சோக் போட்டால் நிற்காமல் ஓடுகிறதா? அப்படியானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ திருட்டுக் காற்று புகுகிறது. ஜெட்டைக் கழற்றி, கிளீனர் அடித்து ஊதுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள். பித்தளை, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஏர் ஸ்குரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, இன்ஜின் சூடானதும் அங்கிருந்து இப்படி அப்படித் திருப்பி, வேகம் ஏறி நிற்கும் இடத்தில் விடுங்கள்.

ஆமாம், சத்தம் கம்பீரமாக வரட்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பரணில் போட்டிருக்கிறீர்களா? முதலில் ஏணியைத் தேடுங்கள்!