சமணக் காஞ்சியில் ஒரு கத்தி

பட்டாளத்தில் சேர்ந்த மருமகனுக்கு நல்ல கத்தி ஒன்று வாங்கித் தருவதென்று தறிக்கார மாமா கிளம்பினார். ஊரோ திருப்பருத்திக்குன்றம், எறும்புக்கும் தீங்கு நினைக்காத தீர்த்தங்கரர்களின் சமணக் காஞ்சி. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் துப்பாக்கியை அரசாங்கமே கொடுக்கும். அதில் மாமாவுக்கு நம்பிக்கை போதவில்லை. கறிக்கடைக்காரர் மிரளும் நீளத்தில் தேடினார். "கத்தியைக் கையில் கொடுத்தா உறவு அறுந்துடும்" என்றாள் அத்தை. விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர்கூட 1387இல் இவ்வூர்க் கோயிலுக்குக் கொடுத்தது சங்கீத மண்டபம்தான். ஆயுதத்தோடே பிழைத்தவருக்கு அதன் அலுப்பு தெரிந்திருக்கும். பிசிறு நறுக்க, பழம் சீவ மடக்குக் கத்தி போதுமென்றார் கடைக்காரர். கடைசியில் மாமா வாங்கியது, குட்டிக் கத்தி செருகிய நகவெட்டி. "கூரா இருக்கும், பத்திரம்டா!" என்று வேறு எச்சரித்தார்.