புலிக்குப் புல் போட்டவர்கள்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று சொல்லிவிட்டுப் போன மகானுக்கு நார்வேக்காரர்களைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை.

1970-இல் நார்வேயின் ஹித்ரா தீவில் குரோந்த்வெட் சகோதரர்கள் கடலில் வலைக்கூண்டு கட்டி சால்மன் குஞ்சுகளை விட்டார்கள். குஞ்சு வளர்ந்தது, காசு புரண்டது, கரையோரமெல்லாம் கூண்டு முளைத்தது. தொல்லை என்னவென்றால், சால்மன் பரம்பரை அசைவம். ஒரு மீனை வளர்க்கப் பல மீனை அரைக்க வேண்டும் என்கிற கதைதான்.

அரைப்பதில் அன்று மன்னர்கள் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்காரர்கள். 1970-இல் மட்டும் சுமார் 1.2 கோடி டன் நெத்திலியை அள்ளித் தூளாக்கினார்கள். மனுஷன் சாப்பிடவா? இல்லை, சீமைக் கோழிக்கும் பன்றிக்கும். 1972-இல் எல் நினோ வந்து கடலைச் சூடாக்கியது. வழித்து அள்ளிய பாவமும் சேர்ந்துகொள்ள, நெத்திலி போன இடம் தெரியவில்லை. மறு வருஷம் ராணுவ அரசு வீராவேசமாக மீன்தூள் ஆலைகளை நாட்டுடைமை ஆக்கியது, அரைக்க மீன் இல்லாத நேரம் பார்த்து!

கோழிகளின் பார்வை சோயா பக்கம் திரும்ப, விலை எகிறியது. 1973 ஜூனில் அமெரிக்க அதிபர் நிக்சன் சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டார். சோயாவில் செய்யும் டோஃபுவுக்கே ஆபத்து என்று பதறிய ஜப்பான் பிரேசிலுக்கு ஓடி, செர்ராடோ புல்வெளியைச் சோயா வயலாக்கப் பணம் கொடுத்தது. பின்னாளில் பிரேசில் சோயா நார்வேக் கூண்டிலும் வந்து விழுந்தது. 1990-இல் அங்கே சால்மன் தீவனத்தில் சுமார் 90 சதவீதம் கடல் சரக்கு. 2013-இல் ஏறக்குறைய 30.

சால்மனை யாரும் கேட்கவில்லை. அதன் குடல்தான் பதில் சொன்னது. சோயா மாவு தின்ற மீனுக்குப் பின்குடல் அழன்று வீங்கியது. முக்கியக் குற்றவாளி சபோனின். பூந்திக்கொட்டையை நுரைக்க வைக்கிறதே, அந்த வகையறா. விஞ்ஞானிகள் சோயாவைச் சாராயம் கலந்த நீரில் அலசி, புரதம் செறிந்த பங்கைப் பிரித்துக் கொடுத்தார்கள். சாராயம் ஆவியாகிவிடும், மீனுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. (நம் குளத்து ரோகுவும் கட்லாவும் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் தின்றுவிட்டு வாயைத் திறக்காமல் வளர்ந்தவை. அதனால்தானோ என்னவோ, அவற்றுக்கு இவ்வளவு உபசாரம் நடக்கவில்லை.)

அடுத்து எண்ணெய். மீனெண்ணெய்க்குப் பதில் கடுகு இனத்து ரேப்சீட் எண்ணெயை ஊற்றினார்கள். 2006-க்கும் 2015-க்கும் இடையில் ஸ்காட்லாந்து வளர்ப்பு சால்மனில் ஒமேகா-3 பாதியாகிவிட்டது. எதற்காக டாக்டர் மீன் சாப்பிடச் சொன்னாரோ அதுவே போச்சு.

அப்போதுதான் மூலவர் ஞாபகம் வந்தார். கடலில் அந்த ஒமேகா-3-ஐப் பெரும்பாலும் தயாரிப்பது நுண்பாசி. நெத்திலி வெறும் தரகர். தரகரைக் கழற்றிவிட்டு, 2019-இல் டிஎஸ்எம், எவோனிக் என்ற இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் கூட்டாக அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஆலை திறந்தன. கடலே இல்லாத மாநிலம்! அங்கே மூடிய தொட்டிக்குள், வெயில் படாமல், மக்காச்சோளச் சர்க்கரை தின்று எண்ணெய் கட்டுகிறது ஸ்கைசோகைட்ரியம் என்ற நுண்பாசி. பாசி என்று பெயர்தான், பச்சை கிடையாது.

சால்மன் சதையின் சிவப்பும் தனிச் செலவு. கடலில் இறால் வகைகளைத் தின்று கிடைக்கும் நிறம் கூண்டில் கிடைக்காததால், அஸ்டாக்சாந்தின் என்ற நிறமியைத் தீவனத்தில் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் சதை வெளிறிவிடும். எவ்வளவு சிவப்பு வேண்டும் என்று விரித்துப் பார்த்துச் சொல்ல, சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி வண்ண அட்டை விசிறியே போட்டிருந்தது. 2003-இல் அந்த வியாபாரத்தை வாங்கியவர் யார் என்கிறீர்கள்? டிஎஸ்எம்மேதான்.