பாகலுக்கு ஒரு கீறல்

கேள்வி: பாகல் விதை ஊன்றி இரண்டு வாரமாகிறது. தினமும் கிளறிப் பார்க்கிறேன். போட்டது போட்டபடி கிடக்கிறது. விதை சொத்தையா?

பதில்: முதலில் கிளறுவதை நிறுத்துங்கள்! முளை விட்டிருந்தால்கூட உங்கள் விரல் பட்டு ஒடிந்திருக்கும். பாகல், புடலை, பீர்க்கு மூன்றுக்கும் ஓடு தடிப்பு. தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் கரு விழிக்கும். ஓட்டின் விளிம்பை நகவெட்டியால் லேசாகக் கீறிவிடுங்கள். உள்ளே இருக்கும் பருப்பில் பட்டுவிடக் கூடாது. ஓர் இரவு ஊறட்டும். காலையில் நீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து, கதகதப்பான இடத்தில் வையுங்கள். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் பூப்போல எடுத்து ஊன்றுங்கள்.

கேள்வி: அப்படியானால் பீன்ஸ், தட்டைப்பயறையும் ஒருநாள் முழுக்க ஊறவைக்கலாமா?

பதில்: சுண்டலுக்கென்றால் தாராளமாக! விதைப்புக்கு வேண்டாம். இவற்றின் தோல் மெல்லியது. நீரை மடமடவெனக் குடித்துப் பருப்பு வெடித்துவிடும். விதைக்கும் மூச்சு உண்டு. தண்ணீருக்குள் அது திணறும். ஈரமண்ணில் நேராக ஊன்றினாலே போதும்.

கேள்வி: எவ்வளவு ஆழத்தில்?

பதில்: விதையின் பருமனைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. கீரை விதைக்கு அதுகூட வேண்டாம். மணலோடு கலந்து தூவி, சன்னமாக மண் தூவி மூடி, பூவாளியால் நீர் தெளியுங்கள்.

கேள்வி: தூவிய கீரை விதையை எறும்பு தூக்கிப் போய்விடுகிறதே?

பதில்: பாத்தியில் கொஞ்சம் ரவையோ அரிசிக் குருணையோ தூவிவிடுங்கள். எறும்பு அதை இழுத்துப் போகட்டும். அதற்குள் கீரை முளைத்துவிடும். பூச்சிமருந்துப் பொடி வேண்டவே வேண்டாம். அந்தக் கீரையைத்தானே கடையப் போகிறீர்கள்?

கேள்வி: மளிகைக்கடை தனியா முளைக்குமா?

பதில்: பழசாக இல்லாவிட்டால் முளைக்கும். ஒரு காய்க்குள் இரண்டு விதை உண்டு. லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து போடுங்கள்.

கேள்வி: தக்காளி, மிளகாய் நாற்று நன்றாக முளைத்து, பிறகு அடித்தண்டு மெலிந்து சாய்கிறது. வெயில் போதவில்லையோ?

பதில்: வெயிலைக் குறை சொல்லாதீர்கள். இது நாற்றழுகல், மண்ணில் இருக்கும் பூஞ்சையின் வேலை. விதைக்கும் முன்பே தடுக்கவேண்டும். அதற்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையின் பொடி கைகொடுக்கும். கிலோ விதைக்கு 4 கிராம் என்பது வயல் கணக்கு. வீட்டுத்தோட்டத்துப் பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகை போதும். ஆறிய கஞ்சியில் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் அந்த நல்ல பூஞ்சையும் செத்துவிடும். நாற்றுத்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், நெருக்கமாகவும் விதைக்காதீர்கள். சாயம் பூசி விற்கும் விதையில் ஏற்கெனவே மருந்து இருக்கும். அதைக் கழுவவோ ஊறவைக்கவோ வேண்டாம். தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: போன வருஷத்து வெங்காய விதை மிச்சமிருக்கிறது. போடலாமா?

பதில்: வெங்காய விதை சீக்கிரம் உயிரை விட்டுவிடும். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி ஒன்றரை வாரம் வையுங்கள். எட்டு முளைத்தால் தைரியமாக விதையுங்கள். ஐந்துதான் என்றால் இரட்டிப்பாகத் தூவுங்கள். ஒன்றிரண்டுதானா? புது விதை வாங்கிவிடுங்கள்.