சிங்கார வேலனுக்குப் பிறகு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் நாயனம் கையில் எடுத்த எல்லோருக்கும் 1962 முக்கியமான வருடம். 'கொஞ்சும் சலங்கை' அந்த வருடம்தான் வந்தது. எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி அருணாசலம் வாசித்த 'சிங்கார வேலனே தேவா' ஊர் ஊராகப் போயிற்று. திரையில் நாயனத்தைப் பிடித்தவர் ஜெமினி கணேசன். மூச்சு காருகுறிச்சியாருடையது. இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு பிறந்தது கடையநல்லூரில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில். காருகுறிச்சியோ சேரன்மகாதேவிக்கு அருகே உள்ள ஊர். தமிழ் சினிமாவின் புகழ்பெற்ற நாதஸ்வரப் பாட்டுக்கு மெட்டும் எங்கள் சீமையிலிருந்து போனது, ஊதிய ஆளும் எங்கள் சீமையிலிருந்து போனவர். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

என் அப்பாவும் நாயனக்காரர். அந்தப் படம் வருவதற்கு முன்னால் கல்யாண வீட்டில் பெரியவர்கள் தோடி கேட்பார்கள், கல்யாணி கேட்பார்கள். படம் வந்த பிறகு எல்லா வீட்டிலும் சிங்கார வேலன்தான். அப்பா அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பாட்டை வாசிக்க ஆபேரி கையில் இருந்தாக வேண்டும். பாட்டைக் கேட்க வந்து உட்கார்ந்தவன், அதற்கு முன் வரும் ஆலாபனையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனான். "பாட்டைச் சாக்கு வச்சு ராகத்தை ஊட்டிட்டாரு வே காருகுறிச்சியாரு" என்பார் அப்பா.

சினிமாப் பாட்டு வந்துதான் நாயனம் கெட்டது என்று சொல்கிறவர்களோடு ஆகவே நான் சேர மாட்டேன். சினிமா பிறப்பதற்கு முன்பே எங்கள் பக்கம் ஜனங்கள் வாயில் பாட்டு இருந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகனுக்குக் காவடிச்சிந்து பாடிவிட்டு 1891-இல் மறைந்தார். முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. அவருடைய சிந்து ஏட்டை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து நாயனத்துக்கு வந்தது. ஜனங்கள் பாடுவதை நாயனம் எப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எங்கள் பிழைப்பு பஞ்சாங்கத்தைப் பார்த்து நடக்கும் பிழைப்பு. சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்த மாதங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது. அம்மன் கோவில் கொடைகள் உண்டு. மார்கழியில் விடியற்காலைக் கோவில் சேவகம் மட்டும்தான். கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் வாசிப்பதை எங்கள் பக்கம் ராஜமேளம் என்பார்கள். கொடைக்குக் கரகத்தோடு போனால் அது நையாண்டி மேளம். பம்பையும் தமுக்கும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் வாசித்தவன் நான். ஒன்று உசத்தி, ஒன்று தாழ்த்தி என்று பேசுகிறவர்கள் விடிய விடியக் கொடையில் நின்று வாசித்துப் பார்க்கட்டும். கரகம் ஆடுகிறவரின் காலைப் பார்த்து நாயனத்தை ஓட்டுவது லேசான வித்தையில்லை.

ஆடித்தபசைச் சொல்லாமல் எங்கள் ஊர் மேளத்தைப் பற்றி எழுத முடியாது. சிவனும் பெருமாளும் ஒரே திருமேனியாகக் காட்சி தரக் கோமதி அம்மன் தவமிருந்த தலம் இது. தபசுக் காட்சிக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும். ஒலிபெருக்கி குறைவாக இருந்த காலத்தில், சாமி எந்த வீதியில் வருகிறது என்பதை வீட்டுக்குள் இருந்தபடியே மேளத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி. வீதி திரும்பியதும் ராகம். ஒரே ராகத்தை ஒரு வீதி முழுக்க வாசிக்கலாம். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நான் ராகம் வாசிக்கக் கற்றது அப்பாவிடம். அதை விரிக்கக் கற்றது இந்த ரத வீதிகளில்.

அந்தப் பழக்கத்தோடுதான் சென்னை ரெக்கார்டிங் தியேட்டருக்குப் போனேன். எண்பதுகளில் வயலின்காரர்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்த காலம். நாயனச் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறிவிடும் என்று என்னைத் தனியாக ஒரு தடுப்புக்குப் பின்னால் நிறுத்தினார்கள். வயலின்காரர்களுக்கு மேற்கத்திய நோட்டு. நான் ச ரி க ம என்று தாளில் எழுதிக்கொண்டேன். குளிர்சாதனக் காற்றில், வாயில் வைத்து ஊதும் சீவாளி உலர்ந்துவிடும். உலர்ந்தால் சுருதி பிசகும். என் முறை வரும் வரை அதை வாயிலேயே வைத்து ஈரம் காத்துக்கொண்டிருந்தேன். யாராவது ஒருவர் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து. டேக் சரியாக வந்ததும் வயலின்காரர்கள் வில்லால் நோட்டு ஸ்டாண்டைத் தட்டினார்கள். அது எங்களுக்குள் கைதட்டல். இசையமைப்பாளர் வெளியே வந்து, "ஐயா, அந்தக் காந்தாரத்தை இன்னும் கொஞ்சம் அசைச்சுக் குடுங்க" என்றார். வீதியில் படித்ததற்கு அங்கே மதிப்பு இருந்தது.

பிறகு கேசட் வந்தது. மங்கள இசை என்று பெயர் போட்டு, அறுபது நிமிடத்துக்கு அடக்கி வாசிக்கச் சொன்னார்கள். மல்லாரி, கல்யாண ஊஞ்சல், கெட்டிமேளம், கடைசியில் மங்களம். சந்தோஷமாக வாசித்தேன். கொஞ்ச வருடத்தில் கல்யாண மண்டபங்களில் காலை ஐந்து மணிக்கு அந்த மாதிரிக் கேசட்டுகள்தான் ஓடின. முந்தின நாள் சாயங்காலமே மேளம் வந்து இறங்க வேண்டிய அவசியம் போயிற்று. நாங்கள் வாசித்து வைத்த வாசிப்பே எங்கள் வேளையை எடுத்துக்கொண்டது.

இன்றைக்குப் பொதிகை ரயிலில் எழும்பூர் போய் இறங்கினால், வேலை ஒரு வீட்டு மாடி அறையில். காதில் ஹெட்போன், அதில் டிக் டிக் என்று கிளிக். பாட்டு எந்தப் படத்துக்கு என்பதே பல சமயம் தெரியாது. எட்டு பார் வாசித்தால் போதும். ஒருமுறை ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக ஊதச் சொன்னார்கள். நீளமாக, குறுகலாக, மெதுவாக, பலமாக, மேலேறி, கீழிறங்கி. எதற்கு என்று கேட்டேன். "லைப்ரரிக்கு" என்றார்கள். ஒருநாள் கூலி கொடுத்தார்கள், கதை முடிந்தது. என் மூச்சு இப்போது எந்தெந்தக் கீபோர்டில் யார் யார் விரலுக்குப் பேசுகிறதோ, அதில் எனக்குப் பங்கும் இல்லை, பெயரும் இல்லை. எங்கள் தொழிலுக்கு நடந்திருக்கும் பெரிய அநியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சத்தம் நாயனமாகவும் ஆகாது. நாயனத்தில் விரல் வைக்கும் துளை ஏழுதான். மற்ற சுரங்களெல்லாம் பாதித் துளையை மூடுவதிலும் உதட்டின் பிடியிலும் காற்றின் அழுத்தத்திலும் பிறக்க வேண்டும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில்தான் ராகம் இருக்கிறது. துண்டு துண்டாக வெட்டிய சுரங்களை அடுக்கினால் சாயல் கிடைக்கும், ஆபேரி கிடைக்காது.

கோவில்களிலும் மாற்றம் வந்துவிட்டது. பல ஊர்களில் தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் கரண்டு மேளம் அடிக்கிறது. மணியும் முரசும் ஒரே வேகத்தில், சாமி முன்னால் எந்தக் கட்டம் நடந்தாலும் அதே அடி. கல்யாணத்தில் வரவேற்புக்குச் செண்டை மேளம், ராத்திரிக்கு டிஜே. எங்களுக்குத் தாலி கட்டும் நேரம் மிச்சம். "அண்ணாச்சி, அரை மணி நேரம் போதும்" என்கிறார்கள். அரை மணி நேரத்துக்கும் இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேர் வந்தாக வேண்டும். தவில்காரருக்கு விரல் கூடு போடுவதற்கும் வார் பிடிப்பதற்குமே நேரம் வேண்டும். அவருடைய உழைப்பையும் சேர்த்துத்தான் நான் சம்பளம் பேசுகிறேன் என்பது பேரம் பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் நாயனமும் தவிலும் மூன்று வருடப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். அங்கே படித்த பையன்கள் சிலர் என்னோடு வாசிக்கிறார்கள். செல்போனில் இருக்கும் புதுப் பாட்டைக் காலையில் கேட்டு மத்தியானம் அச்சாக வாசித்துவிடுகிறார்கள். காது அவ்வளவு நல்ல காது. அவர்களுக்குக் குறைவாகக் கிடைப்பது வீதி. ஒரே ராகத்தை ஒரு மணி நேரம் வாசிக்க விடுகிற வீதி.

அதைக் கொடுக்க உங்களால்தான் முடியும். மண்டபம் பேசும்போதே மேளத்தையும் பேசுங்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பிலிருந்தே வரச் சொல்லுங்கள். உங்களுக்குப் பிடித்த சினிமாப் பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் அந்த ராகத்தைப் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். இசையமைப்பாளர்களே, எட்டு பார் வாசித்தவராக இருந்தாலும் பாட்டோடு அவர் பெயரைப் போடுங்கள். வரும் ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வந்தால், சாமியைக் கும்பிட்டுவிட்டு ஒரு வீதியாவது மேளத்தோடு நடந்து வாருங்கள்.