கை இறுக்கம் போதும்

காரின் கம்பெனிப் பெயரை எழுத மாட்டேன். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து கொடுத்தார்கள். கெடுத்தவன் நான்.

கொட்டாம்பட்டியில் என் வீட்டு வாசலில் நின்றால் மதுரை–திருச்சி நாலுவழிச் சாலையில் லாரி போகிற சத்தம் கேட்கும். அந்தச் சாலையோரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பியிடம் வண்டியை விட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் ஆயில் மாற்றிக் கொடுத்துவிடுவான். எனக்குத்தான் மனசு கேட்பதில்லை. என் தாத்தா தன் மாட்டுவண்டிக்குத் தானே மை போட்டவர். வைக்கோலைக் கருக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார். அந்த வம்சத்தில் வந்தவன் ஆயில் மாற்றக் கூலி கொடுப்பதா?

மேலூருக்குப் பஸ் ஏறி மூன்று லிட்டர் ஆயிலும் ஒரு பில்டரும் வாங்கி வந்தேன். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை. வண்டியைத் தென்னை மரத்தடியில் செங்கல் அடுக்கின் மேல் ஏற்றி, கீழே சாக்கை விரித்துப் படுத்தேன். எஞ்சின் கொஞ்சம் சூடாக இருக்கும்போது திறந்தால்தான் ஆயில் முழுக்க இறங்கும் என்பது தெரியும். ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது தெரியாது. ட்ரெயின் நட்டின் கடைசி மரை விட்டதும் விரல் சுட்டது, கையை உதறினேன், நட்டு ஆயிலோடு சட்டிக்குள் விழுந்தது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று, ஆயில் தாரையையா விட்டுவைக்கும்? பாதி சட்டியில், பாதி என் சட்டையில்.

இதுவரை நடந்ததைத் தோல்விக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. பில்டர் இனிமேல்தான் வருகிறது.

பில்டர் என்பது பார்வைக்குப் பழைய ஹார்லிக்ஸ் டப்பா மாதிரி. உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். அடித்தட்டைச் சுற்றியுள்ள சின்னத் துளைகள் வழியே அழுக்கு ஆயில் நுழைந்து, காகிதத்தைக் கடந்து, நடுக்குழாய் வழியே சுத்தமாக எஞ்சினுக்குத் திரும்பும். காருக்கு ஆயில் பில்டர் என்ற யோசனைக்கே நூறு வயதுதான்: 1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும் கொண்டுவந்தார்கள். ‘ப்யூர் ஆயில் லேட்டர்’ என்பதைச் சுருக்கி ‘ப்யூரோலேட்டர்’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு 1954-இல் விக்ஸ் கம்பெனி, டப்பாவையே திருகிக் கழற்றித் தூக்கிப் போடுகிற வகையைக் கொண்டுவந்தது. கையால் திருகி மாட்டுவதற்கென்றே பிறந்த பொருள் அது. ‘கையால்’ என்ற சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பானெட்டைத் திறந்து, மேலிருந்து கையை விட்டு, எப்போதும் நட்டைக் கழற்றுகிற பக்கமாகத் திருகினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துத் திருகினேன். லேசாக அசைந்தது போலிருந்தது. சந்தோஷத்தில் இன்னும் ஒரு மூச்சு. அதன்பிறகுதான் உறைத்தது. பில்டர் தலைகீழாகத் தொங்குகிறது. கோயிலை வலம் வருகிறவனைக் கோபுரத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் சுற்றுவான். பூமிக்கு அடியிலிருந்து பார்த்தால் மறுபக்கம் சுற்றுவான். நான் இவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.

‘‘எவனோ பேய் மாதிரி இறுக்கி வச்சிருக்கான்’’ என்று சத்தமாகச் சொன்னேன். திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்த மனைவி காதில் விழவேண்டும் என்பதற்காக.

பக்கத்துத் தோட்டத்து மாமா எட்டிப் பார்த்தார். ‘‘என்ன மாப்ள, வண்டிக்குப் பிரசவமா?’’ சிங்கம்புணரிப் பக்கம் திரித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்றை எடுத்து வந்தார். டப்பாவைச் சுற்றி இரண்டு சுற்று, நடுவில் ஒரு கம்பு, முறுக்கினால் எப்பேர்ப்பட்டதும் வந்துவிடும் என்றார். நல்ல யோசனைதான். இதற்கென்று கடையில் விற்கிற பட்டையும் இதே வித்தைதான் செய்கிறது. ஆனால் டப்பா முழுக்க ஆயில். கயிறு வழுக்கிக்கொண்டே சுற்றியது. துடைத்துவிட்டு, உப்புத்தாளை வைத்துச் சுற்றியிருந்தால் பிடித்திருக்கும். அது இரவு படுக்கும்போது தோன்றியது.

அப்போது தோன்றியது ஸ்க்ரூ டிரைவர். டப்பாவின் குறுக்கே குத்தி, அதையே கைப்பிடியாக்கித் திருகுவது. டப்பாவின் தகடு மெல்லிசு. கெட்டியானது அடித்தட்டு மட்டும்தான். ஆகவே பில்டர் திரும்பவில்லை; தகடு கிழிந்தது. கிழிந்த வழியே மிச்சமிருந்த ஆயில் மணிக்கட்டில் புகுந்து முழங்கை வழியே அக்குளுக்குப் போனது. இனி பின்வாங்கவும் வழியில்லை. அதுவரை ‘இறுகிய பில்டர்’. இப்போது ‘உடைந்த பில்டர்’. எஞ்சினை ஓட்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போக முடியாது.

மரை கழன்றவன் என்று ஊரில் சொல்வார்களே, அன்று மரை கழலாதது பில்டருக்கு மட்டும்தான்.

டப்பாவைப் பிய்த்தெடுத்துவிட்டு, அடித்தட்டின் விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒருவழியாகக் கழற்றினேன். அந்தப் பெருமிதத்தில் புதுப் பில்டரை மாட்டி, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உறுமிய மறுகணம் அடியிலிருந்து கறுப்பாக ஒரு பீச்சல். சிவப்பு ஆயில் விளக்கு அணையவே இல்லை. பம்பு தள்ளுகிற அழுத்தம் சின்ன விஷயமல்ல. வேகமெடுத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு மூன்று, நான்கு கிலோ வரும். சாவியை அணைப்பதற்குள் புது ஆயிலில் பெரும்பங்கு தென்னைக்குப் போய்விட்டது. பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று 2016-ஆம் வருடத்து விதிகள் சொல்கின்றன. நான் புது ஆயிலையே கழிவாக்கிவிட்டேன்.

ஒர்க்‌ஷாப் தம்பிக்குப் போன் போட்டேன். வந்தவன் வண்டியைப் பார்க்கவில்லை. மண்ணில் கிடந்த கிழிந்த டப்பாவையும் அடித்தட்டையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

‘‘இதுல ரப்பரைக் காணோமேண்ணே.’’

குனிந்து, எஞ்சின் பக்கம் விரலால் தடவி, கறுப்பாக ஒரு வளையத்தை உரித்தெடுத்துக் காட்டினான். பழைய ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது; அதன் மேலே புது ரப்பரை வைத்து நான் இறுக்கியிருக்கிறேன். ரப்பர் மேல் ரப்பர் நிற்காது, அழுத்தம் வந்ததும் பிதுங்கிவிடும்.

‘‘ஆயில் தடவாம காஞ்ச ரப்பரோட மாட்டி, ஸ்பேனர் போட்டு இறுக்கினாத்தாண்ணே இப்படி ஒட்டும். போன தடவை இதை மாட்டுனது யாரு?’’

‘‘தெரியலப்பா. மேலூர்ல ஒரு கடையில...’’

‘‘போன ஆடியில இதே மரத்தடியில படுத்துக் கிடந்தது யாராம்?’’ மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் திண்ணையிலிருந்து பதில் வந்தது.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதலாம். மறக்கவில்லை. கயிறு வழுக்கிய நேரத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது. போன வருடம் தம்பி மாட்டியிருந்த பில்டர் என் கைக்குச் சுலபமாகக் கழன்றது. இவ்வளவு லேசாகவா மாட்டுவான் என்று அவனைத் திட்டிக்கொண்டே, புதியதை என் பலம் முழுவதையும் கூட்டி இறுக்கியவன் நான். பேய் மாதிரி இறுக்கிய அந்த ‘எவனோ’வை அன்று முழுக்க நான் வாயாரத் திட்டினேன். தகுதியான திட்டுதான்.

தம்பி சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. புது ரப்பரில் விரல்நுனியால் ஆயில் தடவி, ரப்பர் தொடும்வரை திருகி, அதன்மேல் முக்கால் சுற்று மட்டும் கையால் சுற்றிவிட்டு எழுந்தான். ‘‘அம்புட்டுத்தாண்ணே. கை இறுக்கம் போதும்.’’ பில்டர் வந்த அட்டைப்பெட்டியிலும் இதே சமாசாரம் படம் போட்டு அச்சாகியிருந்தது. அந்த அட்டையை நான் செங்கல்லுக்கு அண்டை கொடுத்திருந்தேன்.

சட்டியிலிருந்த பழைய ஆயிலைத் தம்பி கேனில் ஊற்றி எடுத்துக்கொண்டான். வேலிக்கால் கரையானுக்குக் கேட்டிருந்த மாமாவுக்கு ஏமாற்றம். அவருடைய கயிற்றை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கிற நிலையில் அது இல்லை.

ஒரு வாரமாகத் தினமும் காலையில் வண்டிக்கடியில் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு இல்லை. நேற்று ராத்திரி டார்ச்சோடு படுத்தும் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கையைக் கொண்டுபோய்ச் சும்மா தொட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை கீழிருந்துதான். எந்தப் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை.

கால் சுற்றுதான். தம்பியிடம் சொல்லவேண்டாம்.